திருவனந்தபுரம்: எந்த மாசம் போனா எது கிடைக்கும்?

1 | தென்காசிச் சாரல்

வீட்டுல பெரியவங்க ரெண்டு பேரு, எழுபதைத் தொட்டாச்சு. நாங்க ரெண்டு பேரு, பிள்ளைங்க ரெண்டு. கையில ரெண்டு நாள். பத்மநாபசாமி தரிசனம் கட்டாயம். கூடவே ஒரு திருவிழாவும் பாக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. பயணப் பக்கங்கள்ல எல்லாம் ‘அக்டோபர் முதல் மார்ச் வரை’ன்னு போட்டிருக்கான். அது ஆறு மாசம்லா! அதுல எந்த வாரம்?

2 | தக்கலை தபால்பெட்டி

அண்ணாச்சி, அந்த ஊருக்குத் தேதி பாத்துப் போகக்கூடாது, நட்சத்திரம் பாத்துப் போகணும்.

ஆற்றுகால் பொங்கல்னா மாசி பூரம். பங்குனி உற்சவத்துக்கு ரோகிணியில கொடியேத்தம், அத்தத்துல ஆறாட்டு (சாமி கடல்ல நீராடப் போறது). ஐப்பசி உற்சவத்துக்கு அத்தத்துல கொடியேத்தம், திருவோணத்துல ஆறாட்டு. ஆவணித் திருவோணம் ஓணம். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடக்கம். இந்த அஞ்சும்தான் பெருசு. மலையாள மாசம் அங்க துலாம், மீனம்னு ஓடினாலும் பத்மநாபசாமி கோயில் உற்சவத்துக்குப் பேரு இன்னும் அல்பசி, பைங்குனி. நம்ம ஐப்பசி, பங்குனிதான்.

ஒரு சிக்கல் உண்டு. சூரியன் ராசி மாறுறது பொழுது சாயறதுக்கு முந்தின்னா நமக்கு அன்னைக்கே மாசம் ஒண்ணாம் தேதி. அவங்களுக்கு மத்தியானம் ஏறக்குறைய 1:12 வரைதான் கணக்கு. அதுக்கப்புறம் மாறினா மறுநாள்தான் ஒண்ணு. சித்திரை ஒண்ணும் விஷுவும் சில வருஷம் ஒருநாள் முன்னபின்ன வர்றது இதனாலதான். நட்சத்திரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா மாசத் தொடக்கத்துல ஒருதரம், கடைசியில ஒருதரம்னு ஒரே நட்சத்திரம் ரெண்டு தடவை விழுந்தா நம்ம காலண்டரைப் பாத்து ரூம் போட்டவன் ஏமாந்துபோவான். கேரள காலண்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிடுங்க, களியக்காவிளையிலேயே கிடைக்கும்.

இன்னொண்ணு, திங்கக்கிழமையை விடுங்க. மியூசியம், மிருகக்காட்சிசாலை, குதிரைமாளிகை, பத்மநாபபுரம் அரண்மனை எல்லாம் அன்னைக்கு அடைப்பு. மியூசியம் புதன் காலையிலயும் திறக்காது.

3 | வலியசாலை வெற்றிலை

நடை நேரம் தெரியாம வந்து சாத்தின கதவைப் பாத்துண்டு நிக்கறவாதான் இங்க அதிகம். சாதாரண நாள்ல விடியக்காலம் 3:30 வாக்கில நிர்மால்யம் (நேத்து அலங்காரத்தோட முதல் தரிசனம்). அப்புறம் 6:30–7, 8:30–10, 10:30–11:10, 11:45–12. சாயங்காலம் 5–6:15, 6:45–7:20. நடுநடுவில சாத்திச் சாத்தித் திறப்பா. பெரியவாளை அழைச்சுண்டு வந்தா 8:30 நடைதான் நல்லது, ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து திறந்திருக்கும். எட்டுக்கே வரிசையில நின்னுடுங்கோ. உற்சவ நாள்ல இந்தக் கணக்கு செல்லாது.

உள்ளே மூணு வாசல் வழியாத் தரிசனம். முதல் வாசல்ல திருமுகமும், வலது கைக்குக் கீழே சிவலிங்கமும். நடு வாசல்ல நாபிக் கமலமும் பிரம்மாவும், முன்னால உற்சவ மூர்த்தி. மூணாவதுல திருவடி. அவசரத்துல நடு வாசல்லயே கண்ணு நின்னுபோயிடும், மத்த ரெண்டும் பாக்காமலே வரிசை தள்ளிண்டு போயிடும். முதல் வாசல்லயே ‘கைக்குக் கீழே லிங்கம்’னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கோ. உள்ளே எண்ணெய் விளக்குதான், கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் ஆகும்.

மூலவர் 18 அடி. 12,008 சாளக்கிராமம் அடுக்கி மேலே கடுசர்க்கரைச் சாந்து பூசின திருமேனி. அதனால தண்ணி அபிஷேகம் கிடையாது, அது உற்சவ மூர்த்திக்குத்தான். நேத்துச் சாத்தின பூவைக்கூட மயில்பீலியாலதான் தள்ளி எடுப்பா.

முன்னால இருக்கிற ஒற்றைக்கல் மண்டபம் 20 அடி சதுரம், ரெண்டரை அடி கனம், ஒரே கல். அதுமேல யாரும் விழுந்து நமஸ்காரம் பண்ணப்படாது. அங்கே நமஸ்கரிச்சா தனக்கிருக்கிறதெல்லாம் பெருமாளுக்குக் கொடுத்ததா அர்த்தம், அரச குடும்பத்துக்கு மட்டும்தான் அந்த வழக்கம். 1750 ஜனவரியில மார்த்தாண்டவர்மா நாட்டையே திருப்படித்தானமா எழுதி வச்சது இந்தப் பெருமாளுக்குத்தான். கைகூப்பினாப் போதும். படி ஏற இறங்கப் பெரியவாளுக்கு ஒரு கை பிடிச்சுக்கோங்கோ.

4 | பாளை முருங்கை

சுடிதார் போட்டுக்கிட்டுப் போகலாமா? ஒருத்தர் விடுவாங்கங்கறார், ஒருத்தர் இல்லைங்கறார்.

5 | வலியசாலை வெற்றிலை

சுடிதார் மேல வேஷ்டி சுத்திண்டா விடுவா. வெறுமனே விடமாட்டா. புடவை, பாவாடை தாவணி, முண்டும் நேரியதும், நீளப் பாவாடை சட்டை எல்லாம் சரி. சின்னப் பெண் குழந்தைகள் கவுன் போட்டுக்கலாம். ஆம்பிளைகள் வேஷ்டி மட்டும், மேல்சட்டை கூடாது. பத்து வயசுப் பையனா இருந்தாலும் நிஜாரோட விடமாட்டா. வாசல்ல வேஷ்டி விலைக்கும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும், ஆனா அவசர விலை. வீட்டிலேர்ந்தே ஒட்டிக்கோ வேஷ்டி எடுத்துண்டு வந்துடுங்கோ.

செல்போன், பை, கேமரா எதுவும் உள்ளே கூடாது. வைக்கிற கவுண்டர்ல திரும்ப வாங்க ஒரு வரிசை, அதுல அரை மணி போகும். வண்டியிலயோ அறையிலயோ வச்சுட்டு வாங்கோ. குழு பிரிஞ்சா கூப்பிட போன் இருக்காது, அதனால ‘கிழக்கு நடை, படிக்கட்டுக்குக் கீழே இடது பக்கம்’னு சந்திக்கிற இடத்தை முன்னமே பேசி வச்சுக்கோங்கோ.

6 | சாலைத்தெரு சுமை

ஆறாட்டைப் பத்தி நான் சொல்றேன். பத்தாம் நாள். கோயில்ல இருந்து மேற்குக் கோட்டை வழியா வள்ளக்கடவு, அங்கிருந்து விமான நிலைய ஓடுபாதையையே குறுக்கே கடந்து சங்குமுகம் கடற்கரை. பத்மநாபசாமி, நரசிம்மர், கிருஷ்ணன் மூணு பேரும் கருட வாகனத்துல. அரச குடும்பத்து மூத்தவர் உருவின வாளோட காலால நடந்து வருவார். அந்த நாள் சாயங்காலம் நாலுல இருந்து ராத்திரி ஒன்பது வரை விமானம் ஏறாது, இறங்காது. வருஷத்துல ரெண்டு தடவை. விமான நிலையம் 1932-ல வந்தது, இந்த வழி அதுக்கும் முந்தினது.

எங்க நிக்கணும்? கோட்டை வாசல்ல நின்னா தலைங்கதான் தெரியும். வள்ளக்கடவு ரோட்டோரம் மேல். கடற்கரைக்குப் போறதா இருந்தா மூணு மணிக்குள்ள போய் உக்காந்துடணும். ஊர்வலம் வர ஆரம்பிச்சா ரோட்டை மறிச்சிருவாங்க. திரும்பி வரும்போது தீவட்டி வெளிச்சத்துல வரும், அந்த அழகு வேற. ஆனா பெரியவங்களுக்கு அவ்வளவு நேரம் தாங்காது.

முந்தின நாள் ராத்திரி பள்ளிவேட்டையை, அதாவது சாமி வேட்டைக்குப் போறதை, பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. எனக்குக் கேட்டா ஆறாட்டைவிட அதுதான். போகும்போது மேளம் கிடையாது, பேச்சு கிடையாது, காலடிச் சத்தம் மட்டும். வேட்டைக்களத்துல அரச குடும்பத்து மூத்தவர் இளநீர்க் காயைக் குறிவச்சு அம்பு விடுவார். அம்பு பட்டதும் சங்கும் மேளமும் ஒண்ணாக் கிளம்பும். தூரம் கம்மி, கூட்டமும் கம்மி.

7 | தென்காசிச் சாரல்

அப்ப ஆறாட்டு அன்னைக்குக் காலையில தரிசனம், சாயங்காலம் ஊர்வலம்னு வச்சுக்கலாமா?

8 | தக்கலை தபால்பெட்டி

வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு நடை நேரம் குறையும், கூட்டம் ரெண்டு பங்கு. தரிசனத்தை மூணாம் நாள், நாலாம் நாள்ல வச்சுக்கிட்டா ராத்திரி சீவேலியும் (சாமி பிரகாரம் சுத்தி வர்றது) பாக்கலாம், கதகளியும் பாக்கலாம். ஐப்பசியா பங்குனியான்னு கேட்டா பங்குனி. ஐப்பசியில அங்க துலா மழை. காலையில வெயில் கொளுத்தும், மூணு மணிக்கு மேல இடியோட ஊத்தும், சரியா ஊர்வலம் கிளம்புற நேரம். பங்குனியில புழுக்கம் உண்டு, மழை அபூர்வம். கிழக்கு நடையில பஞ்சபாண்டவர் உருவங்களை ஆளுயரத்துக்கு மேல பல மடங்காத் தூக்கி நிறுத்தியிருப்பாங்க, பிள்ளைகளுக்கு அதுவே போதும். வீமன் எவன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

இப்ப நம்ம ஊர் விஷயம். நவராத்திரிக்கு திருவனந்தபுரம் போறவங்க பாதி பேரு பாதித் திருவிழாவைத்தான் பாக்கறாங்க. அது இங்கதான் தொடங்குது. 1795-ல தலைநகரம் பத்மநாபபுரத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிச்சு. சாமிங்க மாறல. அதனால வருஷாவருஷம் மூணு சாமிங்க போய் ஒன்பது நாள் இருந்துட்டு வர்றாங்க. தேவாரக்கெட்டு சரஸ்வதி (கம்பர் கும்பிட்ட சிலைன்னு ஐதீகம்), வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன்.

நவராத்திரிக்கு முந்தியே ஊர்வலம் கிளம்பிரும். அந்த முதல் நாள் காலையில பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில உடைவாள் கைமாறும். எட்டு மணிக்குள்ள வரணும். அரண்மனை இருக்கிறது தமிழ்நாட்டுல, நிர்வாகம் கேரளத்துது. வாள் கைமாறும்போது ரெண்டு அரசாங்கமும் நிக்கும். சரஸ்வதி யானை மேல, மத்த ரெண்டு பேரும் பல்லக்குல. அன்னைக்கு ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயில்ல தங்கல். ரெண்டாம் நாள் களியக்காவிளை எல்லையில வரவேற்பு, ரெண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செய்யும். ராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில். மூணாம் நாள் அந்தியில கரமனை வழியா கிழக்கே கோட்டை. அங்க போய் மூணு பேரும் பிரிவாங்க: சரஸ்வதி கோட்டைக்குள்ள நவராத்திரி மண்டபத்துக்கு, குமாரசாமி ஆரியசாலைக்கு, அம்மன் செந்திட்டைக்கு. விஜயதசமிக்குக் குமாரசாமி வெள்ளிக்குதிரையில பூஜைப்புரை போவார். ஒருநாள் நல்லிருப்பு (ஓய்வு), அப்புறம் வந்த வழியே திரும்புவாங்க.

கூட்டம் ஆகாதுன்னா குழித்துறை அல்லது பாறசாலை ரோட்டோரம் நில்லுங்க. வீட்டுக்கு வீடு குத்துவிளக்கு, தட்டத்துல பூவும் பழமும் வச்சிருப்பாங்க. சாமி ரெண்டடி தூரத்துல நிக்கும். கிழக்கே கோட்டையில அது நடக்காது. அன்னைக்கு நாகர்கோவில் ரோட்டுல பஸ் ஊரும், ரயிலைப் பிடியுங்க.

9 | வலியசாலை வெற்றிலை

நவராத்திரி மண்டபக் கச்சேரிக்கு வரதா இருந்தா ஒண்ணு ரெண்டு சமாசாரம். சாயங்காலம் 6 மணி, 8:30-க்கு முடியும். திருவிதாங்கூர் மகாராஜா ஸ்வாதித் திருநாள் ஒன்பது நாளைக்கு ஒன்பது கிருதி பண்ணி வச்சிருக்கார். அன்னன்னிக்கு அந்தக் கிருதிதான் பிரதானம், வித்வான் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. தோடி கேக்கணும்னா நாலாம் நாள் வாங்கோ. பைரவின்னா அஞ்சாம் நாள்.

இது சபை இல்லே, சரஸ்வதி சந்நிதி. கை தட்டப்படாது, பேசப்படாது, நடுவில எழுந்து போகப்படாது. மேல்தளத்தில மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கா, சத்தம் எதிரொலிக்காம உருண்டு வரதுக்கு. அஞ்சரைக்கு வந்தாத்தான் உள்ளே இடம். பிள்ளைகள் ரெண்டரை மணி நேரம் அசையாம உக்காருமான்னு யோசிச்சுக்கோங்கோ. இல்லேன்னா வெளியே நின்னு கேக்கலாம். பெண்கள் அங்கே பாட ஆரம்பிச்சது 2006-ல, முதல்ல பாடினவா பாறசாலை பொன்னம்மாள்.

10 | பாறசாலை பாசஞ்சர்

பொன்னம்மாளைச் சொன்னதுக்கு நன்றி மாமி. எங்க ஊருன்னு ஒரு பெருமை.

11 | பாளை முருங்கை

ஆற்றுகால் பொங்கலுக்கு அம்மாவும் சித்தியும் போகணுங்கறாங்க. என்னெல்லாம் கொண்டு போகணும்?

12 | குழித்துறை வாவுபலி

மக்கா, அது சுற்றுலா இல்ல, ஒருநாள் வேலை. பத்து நாள் திருவிழாவுல ஒன்பதாம் நாள். 1997-லயே 15 லட்சம் பெண்கள்னு கின்னஸ்ல ஏறினது, 2009-ல 25 லட்சம். கோயிலைச் சுத்தி மட்டும் இல்ல, தம்பானூர், கிழக்கே கோட்டை, சாலை, இங்கிட்டு கரமனை தாண்டியும் ரோடெல்லாம் அடுப்பு. அதனால கோயில் பக்கத்துல இடம் பிடிக்கணும்னு அடிச்சுப் பிடிக்காண்டாம். எங்க வச்சாலும் பொங்கல் பொங்கல்தான்.

சாமான்: ஒரே உயரத்துல மூணு செங்கல், ஒரு மண்கலம், மூடி, அகப்பை, பச்சரிசி, சர்க்கரை (வெல்லம்), தேங்கா, நெய், ஏலக்கா. விறகுக்கு கொதும்பும் (காஞ்ச தென்னம்பாளை) சிரட்டையும். தீப்பெட்டியை நனையாம வையுங்க. குடிக்கத் தண்ணி, தொப்பி இல்லாட்டா ஈரத்துண்டு, பாய். தட்டும் டம்ளரும் ஸ்டீல்ல கொண்டு போங்க, பிளாஸ்டிக்கைப் பிடுங்கிருவாங்க.

கலம் கீறிப் போறதுதான் பெரிய சங்கடம். புதுக்கலத்தைக் கடையில வாங்கி அப்படியே அடுப்புல ஏத்தினா அடிப்பக்கம் விரிசல் விடும். முந்தின நாள் ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டு வையுங்க, காலையில நிழல்ல ஈரம் வாங்க விடுங்க. அடுப்புல தண்ணியோடதான் ஏத்தணும், காலிக்கலம் கூடாது. முதல் கால்மணி நேரம் ரெண்டு சிரட்டை அளவுக்குத்தான் தீ. தண்ணி கலத்துல முக்காலுக்கும் மேல நிக்கணும், குறைஞ்சா பொங்காது, வெறுமனே வேகும். அரிசி அளவுக்கு மிஞ்சிப் போட்டா அடிப்பிடிக்கும். அரைக்கிலோ கலத்துக்கு கால்கிலோ அரிசி போதும். சர்க்கரையை அரிசி நல்லா வெந்த பிறகு போடுங்க, முந்திப் போட்டா அரிசி வேகாம முரடாகும். தார் ரோட்டுல வைக்கிறதா இருந்தா அடியில செங்கல் பரப்பிட்டு அதுக்குமேல அடுப்பு வையுங்க, தார் இளகி ஒருபக்கம் சாயும்.

தீயை நம்ம இஷ்டத்துக்குப் பற்ற வைக்கக்கூடாது. கோயில்ல தோற்றம்பாட்டுல கண்ணகி கதை பாடி, பாண்டியனை வதம் செய்யிற இடம் வந்ததும் உள்ள அடுப்பு, அப்புறம் வெளியே இருக்கிற பண்டார அடுப்பு. அந்தத் தீ கை மாறிக் கை மாறி வரும். பொதுவா 10, 10:30 தாண்டும். நிவேத்தியம் மத்தியானத்துக்கு மேல, சில வருஷம் ரெண்டு ரெண்டரை ஆகும். பூசாரி தீர்த்தம் தெளிச்ச பிறகுதான் கலத்தை எடுக்கணும். அதுவரைக்கும் வெயிலும் புகையும். சர்க்கரை நோய், ஆஸ்துமா இருக்கிறவங்க ஓரத்துல நிழல் பாத்து இருக்கட்டும். உடுப்பு பருத்தி மட்டும். நைலக்ஸ் சேலை கட்டிட்டு வந்து முந்தானையில தீப்பிடிக்கிறது வருஷாவருஷம் போலீஸும் ஆஸ்பத்திரியும் எச்சரிக்கிற விஷயம்.

சர்க்கரைப் பொங்கல், வெள்ளைப் பொங்கல் கூட சிலர் தெரளியும் (இலையில அவிக்கிற பலகாரம்) மண்டைப்புட்டும் வைப்பாங்க. மண்டைப்புட்டு தலைவலிக்கு நேர்ச்சை. நம்ம மண்டைக்காட்டு மண்டையப்பத்துக்குச் சொந்தக்காரி. முடிஞ்ச பிறகு செங்கலைத் தூக்கிட்டு வரவேண்டாம், மாநகராட்சி எடுத்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கும்.

திரும்பும்போதுதான் நெரிசல். நாகர்கோவில் பக்கம் தனி ரயில் விடுவாங்க. மூணு மணிக்கு தம்பானூர் ஸ்டேஷனுக்குள்ள நுழையவே முடியாது. ஐஞ்சு மணி வரை உக்காந்து சோறு தின்னுட்டுக் கிளம்புங்க. கூட வர ஆம்பிளைகளுக்குக் கோயில் பக்கம் வேலை இல்ல, மியூசியத்துல விட்டுட்டுப் போங்க.

13 | சாலைத்தெரு சுமை

மியூசியம்னு சொன்னதும் ஞாபகம். கட்டடத்தைப் பாக்கவே போகலாம், 1880-ல முடிஞ்சது, வடிவமைச்சது சிஷோம்ங்கிற வெள்ளைக்காரர். வெளிச்சுவர் கோடுகள், மரக்கூரை, ஜன்னல் வண்ணக் கண்ணாடி. ஏசி இல்லாமலே உள்ள குளிரும். பக்கத்துலயே காட்சிக்கூடத்துல ரவிவர்மா படங்கள். அதே வளாகத்துல மிருகக்காட்சிசாலை. பெரியவங்களை நடக்க விடாம பெஞ்சுல உக்கார வச்சுட்டு நீங்க பிள்ளைகளோட சுத்துங்க, ஏற்றம் இறக்கம் ஜாஸ்தி.

கோயிலுக்கு எதிர்ல பத்மதீர்த்தக் குளத்தோரம் மேத்தன் மணியை விட்டுராதீங்க. கருவேலப்புரை மாளிகை முகப்புல தாடிக்காரன் முகம், ரெண்டு பக்கமும் ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது வாயைப் பொளந்து மூடுவான், கடா ரெண்டும் ஓடி வந்து கன்னத்துல முட்டும். ரெண்டு நிமிஷம் பிந்தினா அடுத்த ஒரு மணி நேரம் ஊமைக் கடிகாரம்தான். அஞ்சு நிமிஷம் முந்தி வந்து கழுத்தை நிமித்திக்கிட்டு நில்லுங்க. குதிரைமாளிகை அங்கிருந்து நடை தூரம்: கூரைக்குக் கீழே மரத்துல செதுக்கின 122 குதிரை. ஜனவரி முதல் பாதியில அதன் முற்றத்துல சங்கீத விழா.

14 | தக்கலை தபால்பெட்டி

மார்ச் 20, 21, இல்லாட்டா செப்டம்பர் 22, 23 வாக்குல போனா பத்மநாபசாமி கோயில் ராஜகோபுரத்துல சூரியன் இறங்குறதைப் பாருங்க. ஏழு நிலை, ஏழு திறப்பு. அந்தி நேரம் ஒவ்வொரு திறப்பா மேலிருந்து கீழே சூரியன் உக்காந்து உக்காந்து இறங்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம்போல. கோபுரத்துக்கு நேர் கிழக்கே நிக்கணும். ரெண்டடி விலகினா சூரியன் சுவருக்குப் பின்னால போயிரும். 5:30-க்கே இடம் பிடியுங்க. செப்டம்பர்ல மேகம் ஏமாத்தும், மார்ச் மேல்.

15 | பாறசாலை பாசஞ்சர்

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. நவம்பர்ல வெட்டுகாடு கிறிஸ்துராஜா திருவிழா, ஞாயித்துக்கிழமை முடியும். பீமாபள்ளி தர்கா உரூஸ் (திருவிழா) சந்திரக் கணக்கு, வருஷத்துக்கு 11 நாள் முன்னால நகரும், அதனால போன வருஷத் தேதியை நம்பாதீங்க. ரெண்டும் சங்குமுகத்துக்கு வடக்கும் தெற்கும்.

ஓணத்துக்குப் போறவங்களுக்கு: திருவோணத்தன்னைக்குப் பாதி ஹோட்டல் அடைப்பு, சத்யைக்கு (ஓண இலைச்சாப்பாடு) முன்கூட்டியே சொல்லி வையுங்க. விளக்கலங்காரம் கனகக்குன்னுல. கடைசி நாள் ஊர்வலம் வெள்ளையம்பலத்துல இருந்து கிழக்கே கோட்டை வரை, அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நகருக்குள்ள காரை எடுக்காதீங்க. சாப்பாட்டுல போளி வச்சு அதுமேல பால்பாயசம் ஊத்துவாங்க. பிசைஞ்சுதான் தின்னணும், தனியாத் தின்னா இலை வைக்கிற ஆளே ஒரு மாதிரி பாப்பார்.

16 | தென்காசிச் சாரல்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பங்குனி உற்சவம் நாலாம் நாள்னு முடிவு. நாங்க செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியா வர்றோம். அது சரிதானே?

17 | சாலைத்தெரு சுமை

சரிதான், ஆனா வளைவு ஜாஸ்தி, பிள்ளைங்களுக்கு வாந்தி வரும். விடியக்காலம் நாலுக்குக் கிளம்பி காலை நடையைப் பிடிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க, தென்மலைப் பக்கம் ஒரு லாரி நின்னாப் போச்சு. முந்தின நாள் மத்தியானமே வந்து கிழக்கே கோட்டை பக்கம் தங்குங்க. சாயங்காலம் மேத்தன் மணி, மறுநாள் காலை நடை (உற்சவ நாள், நேரத்தைக் கேட்டுக்கிடுங்க), மத்தியானம் மியூசியம், ராத்திரி சீவேலி. நாலாம் நாள் திங்கக்கிழமையில விழுதான்னு ஒருதரம் பாத்துட்டு ரூம் போடுங்க.